பூட்டின வீட்டுக்கு ஆர் பொறுப்பு? அல்லைப்பிட்டியிலிருந்து ஒரு காப்புறுதி வரலாறு

வரலாறு படிக்கிற ஆக்களிட்ட அல்லைப்பிட்டி எண்டு சொன்னால் இரண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, 1977இல் ஜோன் கார்ஸ்வெல் இங்கே கண்டெடுத்த சொங் வம்சக் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள். மற்றது, 2006. நான் இங்கே எழுதப்போவது மூன்றாவது ஒன்றைப் பற்றி. பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி தாண்டி எங்கட ஊருக்குள் வரும் ஆருக்கும் கண்ணில் படுவது அதுதான்: பூட்டின வீடுகள்.

எங்கட அம்மாவிடம் மூன்று வீட்டுச் சாவி இருக்கிறது. ஒன்று கனடாவில் இருக்கும் மாமாவுடையது, ஒன்று சுவிஸில் இருக்கும் ஒரு குடும்பத்துடையது, ஒன்று கொழும்பில் இருக்கும் ஒரு ரீச்சருடையது. மாமாவின் வீடு மேல்மாடி வைத்த புது வீடு. வருசத்தில் ஓகஸ்ட் மாதம் மூன்று கிழமை அதில் ஆள் இருக்கும். மிச்ச நாட்களில் அம்மா கிழமைக்கு இரண்டு தரம் போய்க் கதவு யன்னல் திறந்து, முற்றம் கூட்டி, வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து, தண்ணித் தாங்கியைப் பார்த்துவிட்டு வருவா. இதைச் "சும்மா ஒருக்கா எட்டிப் பாக்கிறது" எண்டுதான் அவ சொல்லுறவ.

இந்த வருசம் கொழும்பில் அக்காவுக்குக் குழந்தைப்பேறு. அம்மா குறைந்தது மூன்று மாதமாவது போய் நிற்க வேணும். இதைக் கேட்டதும் மாமா வட்ஸ்அப்பில் சொன்னார்: "அப்ப வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டுவிடுவம். இஞ்ச சனம் கொட்டேஜுக்கே போடுதுகள்." கனடாவில் கோடைக்கு மட்டும் போய்த் தங்கும் ஏரிக்கரை வீட்டையும் மலை வீட்டையும்தான் கொட்டேஜ் எண்டு சொல்லுறது. விசாரிக்கும் வேலை எனக்கு வந்தது.

யாழ்ப்பாண ரவுணில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் வீடு எத்தனை சதுர அடி, கூரை என்ன எண்டெல்லாம் கேட்க முதல் கேட்ட கேள்வி: "வீட்டில ஆர் தம்பி இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்காகத்தான் வந்தனான்."

அவர் சிரித்துவிட்டு மாதிரிப் பத்திரம் ஒன்றை எடுத்து ஒரு பந்தியைக் காட்டினார். கட்டடம் தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே பெறப்படாதவிடத்து, காப்பு நின்றுவிடும். அதுதான் சாரம். வெறுமையாக இருப்பதால் பயந்து காப்புறுதி கேட்கிறோம். வெறுமையாக இருப்பதாலேயே அது செல்லாது எண்டு பத்திரம் சொல்கிறது. இந்த 30 நாள் எங்கிருந்து வந்தது எண்டு தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

லண்டன் நெருப்பு

வீட்டுக்குக் காப்புறுதி எண்ட யோசனை ஒரு பெரிய நெருப்பிலிருந்து வந்தது. 1666 செப்ரெம்பரில் லண்டன் நகரம் நான்கைந்து நாள் எரிந்தது. 13,000க்கு மேற்பட்ட வீடுகள் போயின. அதற்குப் பிறகு மறுபடி வீடு கட்டி விற்றுப் பணம் பார்த்தவர்களில் ஒருவரான நிக்கலஸ் பார்பன், 1680 அளவில் தீக்காப்புறுதிக்கு ஓர் அலுவலகம் திறந்தார். செங்கல் வீட்டுக்கு வருட வாடகைப் பெறுமதியில் 2.5 வீதம், மரவீட்டுக்கு 5 வீதம். எங்கட ஊர்க் கணக்கில் சொன்னால், கல்வீட்டுக்கு ஒரு விலை, ஓலை வீட்டுக்கு இரட்டை விலை.

அந்தக் காலத்துக் காப்புறுதி நிறுவனங்கள் தங்களுக்கெண்டு தீயணைப்பு ஆட்களையும் வைத்திருந்தன. காப்புறுதி எடுத்த வீட்டின் சுவரில் ஈயத்தில் செய்த அடையாளத் தகடு ஒன்றை அடித்துவிடுவார்கள். ஆனால் தகடு நெருப்பைக் காணாது. புகை மணந்து, ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆள் வேணும். வீட்டுக்காரன் வீட்டில் இருக்கிறான், தன்ர சொத்தைத் தானே பார்த்துக்கொள்ளுவான் எண்ட நம்பிக்கையின் மேல்தான் கட்டணம் கணக்கிடப்பட்டது. ஆளில்லாத வீட்டில் சின்ன ஒழுக்கு பெரிய சேதமாகும், சின்னத் தீ முழு நெருப்பாகும், கள்ளனுக்கும் வசதி. அதோடு, தேவையில்லாத வீட்டைச் சொந்தக்காரனே எரித்துவிட்டுக் காசு கேட்கலாம் எண்ட சந்தேகமும் நிறுவனத்துக்கு உண்டு. இவை எல்லாம் சேர்ந்து பத்திரத்தில் ஒரு நிபந்தனையாக இறங்கின. பிரித்தானிய மரபில் வந்த தீக்காப்புறுதிப் பத்திரங்கள் இலங்கையிலும் இந்தியாவிலும் அதே நிபந்தனையோடு வந்து சேர்ந்தன.

மாமா சொன்ன கனடாக் கொட்டேஜும் இதுக்கு விலக்கில்லை. அங்கே வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றில், குளிர்காலத்தில் நான்கு நாளுக்கு மேல் வீட்டை விட்டுப் போனால், ஒன்றில் தண்ணீரை நிறுத்திக் குழாயை வடிக்க வேணும், இல்லாவிட்டால் ஒருவர் தினமும் வந்து பார்க்க வேணும் எண்டு இருக்கும். பார்க்காமல் விட்டு, குழாய் உறைந்து வெடித்தால் காசு இல்லை. ஆக அங்கேயும் ஒரு "அம்மா" தேவை.

மலையில் இரண்டாவது வீடு

ஓய்வெடுக்க மலையில் இன்னொரு வீடு எண்ட பழக்கம் எங்கட பக்கத்துக்கு வந்தது வெள்ளைக்காரரோடு. ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் 1828இல் நுவரெலியாவில் தனக்கெண்டு கட்டிய மாளிகைதான் இண்டைக்குக் கிராண்ட் ஹொட்டேலாக நிற்கிறது. கொழும்பு வெக்கைக்குப் பயந்த அதிகாரிகளும் கோப்பி, தேயிலைத் துரைமாரும் அங்கே பங்களா கட்டினார்கள். 1885இல் ரயில் நானுஓயா வரை வந்ததும் இந்தப் போக்குவரத்து இன்னும் கூடியது.

யாழ்ப்பாணத்துக்கும் மலை வீட்டுக்கும் கூட ஒரு தொடுப்பு உண்டு. 1816இலிருந்து யாழ்ப்பாணத்தில் வேலை செய்த அமெரிக்க மிஷன், 1834இல் இங்கிருந்து மதுரைக்கு ஒரு கிளையை அனுப்பியது. அந்த மதுரை மிஷனரிமார்தான் சமவெளியின் நோயும் வெக்கையும் தாங்காமல் பழனி மலைக்கு ஏறி, 1845இல் கொடைக்கானலின் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கொடைக்கானல் எண்ட உல்லாச நகரத்தின் கதையை ஒரு நுனியில் பிடித்து இழுத்தால் தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் வந்து நிற்கும்.

இந்தப் பங்களாக்கள் வருசத்தில் பாதி வெறுமையாகத்தான் கிடந்தன. ஆனால் பூட்டிவிட்டுப் போகவில்லை. காவற்காரர், சமையற்காரர், தோட்டக்காரர் எண்டு ஒரு குடும்பமாவது பின்கட்டில் இருந்தது. கொழும்பில் இருந்த ஏஜென்சிக் கம்பனிகள் தேயிலை ஏற்றுமதியோடு சேர்த்து பிரித்தானியக் காப்புறுதி நிறுவனங்களின் முகவர்களாகவும் இருந்தன. துரை சீமைக்குப் போனாலும் "வீட்டில் ஆள் இருக்கு" எண்டு சொல்லக்கூடியதாக இருந்தது. ஆக மலை பங்களாவின் காப்புறுதி பின்கட்டில் இருந்த அந்தக் குடும்பத்தில் தங்கியிருந்தது. பத்திரத்தில் அவர்களின் பேர் இருக்காது.

தீவாரின் இரண்டு வீடு

எங்கட தீவுப்பகுதிச் சனத்துக்கும் இரண்டு வீடு இருந்தது, ஆனால் தலைகீழாக. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு ஆக்கள் கொழும்பு, பதுளை, கண்டி எண்டு தெற்கிலும் மலையகத்திலும் கடை போட்டார்கள். மலையில் இருந்தது உழைக்கிற இடம். கடைக்குப் பின்னால் அல்லது மேலே ஒரு அறை. அதில் முதலாளியும் பொடியளும். ஊரில் இருந்தது "வீடு". ஆண்கள் வருசத்தில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வந்து போனார்கள். மனிசியும் பிள்ளைகளும் தாய் தகப்பனும் ஊரில் இருந்தார்கள். அதனால் ஊர் வீட்டில் 30 நாள் எண்ட பிரச்சினை எழவே இல்லை.

வெளியூர் போகிறவர்கள் வீட்டையும் வளவையும் விட்டுப் போக எங்களிடம் வேறு ஏற்பாடுகளும் இருந்தன. தேசவழமையில் வரும் ஒற்றி அப்படியான ஒன்று. காசு தந்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியை அனுபவிப்பார். காசைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும். கடன் ஏற்பாடுதான், ஆனால் அதன் பக்க விளைவாகக் காணியில் எப்போதும் ஒரு ஆள் நிற்கும். பனை பராமரிக்கப்படும், கிணறு இறைக்கப்படும், வேலி அடைக்கப்படும். இன்னொன்று, ஒரு காசும் கைமாறாமல் சொந்தக்காரரில் வசதி குறைந்த ஒரு குடும்பத்தைக் குடியிருத்திவிடுவது.

எந்தப் பெயருக்குக் காசு?

1962இல் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் ஆயுள் காப்புறுதியைத் தன் கையில் எடுத்தது. இரண்டு வருடத்தில் பொதுக் காப்புறுதியும் அரசிடம் போனது. 1983 யூலையில் கொழும்பிலும் பதுளையிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது காப்புறுதி எண்டால் அரச கூட்டுத்தாபனங்கள்தான். சாதாரணத் தீக்காப்பில் கலவரம் தானாக அடங்காது. மேலதிகக் கட்டணம் கட்டி அதைத் தனியாகச் சேர்க்க வேணும். சேர்க்காதவனுக்கு, எரித்தது நெருப்புத்தான் எண்டாலும், அது "தீ" இல்லை.

எரிந்த சொத்துக்களை அவசரகால விதிகளின் கீழ் அரசு தன் பொறுப்பில் எடுத்து, புனரமைப்பு அதிகாரசபை ஒன்றை அமைத்தது. 1987இல் அது தனிச் சட்டத்தின் கீழ் வந்தது. அதே 1987இல், வெளிநாட்டு மீள்காப்புறுதிக்காரர் இப்படியான ஆபத்தை ஏற்கத் தயங்கிய சூழலில், வேலைநிறுத்தம், கலவரம், குடியியல் குழப்பம், பயங்கரவாதம் என்பவற்றுக்கான நிதியத்தை அரசு தொடங்கியது. இண்டைக்கு அதைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. உங்கட மோட்டார்சைக்கிளுக்கு முழுக் காப்புறுதி இருந்தால் அந்தப் பத்திரத்தில் பாருங்கள்; இந்தத் தலைப்பில் ஒரு சிறு தொகை இருக்கும்.

ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு சொல் இல்லை: யுத்தம். இதுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் விமானங்கள் நகரங்களைக் குண்டு போட்டு அழித்ததைப் பார்த்த லண்டன் காப்புறுதிச் சந்தை, 1937இல் நிலத்தில் உள்ள சொத்துக்கு யுத்தக் காப்புத் தருவதில்லை எண்டு தங்களுக்குள் உடன்பட்டது. ஒரு நெருப்பு ஒரு தெருவை எரிக்கும். மற்றத் தெருக்காரரின் கட்டணத்தில் ஈடு கொடுக்கலாம். யுத்தம் எல்லாத் தெருவையும் ஒன்றாக எரிக்கும், கட்ட ஆளிராது. அதனால் பிரித்தானியா 1941இல் யுத்தச் சேதச் சட்டம் கொண்டுவந்து, சொந்தக்காரரிடம் கட்டாயப் பங்களிப்பு வாங்கி, அரசே வீடுகளுக்குப் பொறுப்பு நின்றது. தனியார் விலகும் இடத்தில் அரசு வர வேணும் எண்டதை அவர்கள் அப்போதே ஏற்றுக்கொண்டார்கள்.

இனி எங்கட ஊருக்கு வாருங்கள். 1990 ஓகஸ்டில் இராணுவம் ஊர்காவற்றுறையில் இறங்கி மண்டைதீவு வரை வந்தது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிபட்ட இளைஞர்கள் பலர் திரும்பி வரவில்லை. 1991 ஒக்டோபரில் தீவுப்பகுதி முழுதாக இராணுவத்தின் கீழ் வந்தபோது பெரும்பாலான சனம் வீட்டைப் பூட்டிக்கொண்டோ, பூட்டக்கூட நேரமில்லாமலோ யாழ்ப்பாணப் பக்கம் ஓடியது. திரும்பி வந்தவர்கள் 2006இல் மறுபடி ஓடினார்கள். மே 13 இரவு எங்கட ஊரில் வீட்டுக்குள் வைத்துக் குழந்தைகள் உட்படச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 13இல் சனம் தஞ்சம் புகுந்திருந்த பிலிப்புநேரியார் தேவாலயத்தில் செல் விழுந்தது. ஒரு கிழமை கழித்துப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமல் போனார்.

நாட்டு அரசு இதை எல்லாம் உத்தியோகபூர்வமாகப் "பயங்கரவாதப் பிரச்சினை" எண்டுதான் சொன்னது. செல் விழுந்த வீட்டுக்காரனுக்கு அது யுத்தம். காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு சொல்லுக்குக் காசு உண்டு, மற்றதுக்கு இல்லை. எங்கட ஊரில் பெரும்பாலானோருக்கு இந்தத் தர்க்கத்துக்குள் போகவே தேவை வரவில்லை. அவர்களிடம் பத்திரமே இருக்கவில்லை. இருந்தாலும் 30 நாள் நிபந்தனை முதலில் வந்து நின்றிருக்கும். துரத்தப்பட்டவனும் விடுமுறைக்குப் போனவனும் அந்தப் பந்திக்கு ஒன்றுதான்.

போனவன் கைவிட்டவன் இல்லை

ஆளில்லாத வீட்டைப் பற்றி இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவர் காணியை 10 வருடம் தடையில்லாமல், சொந்தக்காரருக்கு எதிராக ஆண்டு அனுபவித்தால் அவர் உரிமை கோரலாம். இடம்பெயர்ந்து இருபது வருடம் கழித்து வந்தவனுக்கு இது எப்படி இருக்கும் எண்டு யோசித்துப் பாருங்கள். நீண்ட வற்புறுத்தலுக்குப் பிறகு 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை, ஆயுதப் போராட்டச் சூழலால் தன் உரிமையை வழக்காட முடியாமல் போனவருக்கு அந்தக் காலத்தை 10 வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது எண்டது அது. வழக்குப் போட அது தந்த கால அவகாசம் சொற்பம் எண்டது உண்மை. ஆனாலும், வீட்டில் ஆள் இல்லை எண்டால் அவன் வீட்டைக் கைவிட்டான் எண்டு அர்த்தமில்லை எண்டதை ஒரு சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது இதில்தான்.

மாமாவுக்கு எழுதின பதில்

விசாரித்து முடித்து மாமாவுக்கு எழுதினேன். வெளிநாட்டில் இருக்கும் மற்ற ஆக்களுக்கும் பயன்படும் எண்டதால் இங்கேயும் தருகிறேன். ஒவ்வொரு பத்திரமும் வித்தியாசம், உங்களுடையதை வாசியுங்கள்.

முதலாவது, வீடு வருசத்தில் பெரும்பாலும் வெறுமை எண்டதை ஒளிக்காமல் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் கட்டின காசு முழுதும் வீண். காவலுக்கு ஆள் இருக்கும் ஏற்பாட்டைச் சொல்லி, 30 நாள் நிபந்தனையைத் தளர்த்தும் இணைப்பை எழுத்தில் வாங்குங்கள். வாயால் "பிரச்சினை இல்லை" எண்டு சொன்னால் அது கணக்கில் இல்லை.

இரண்டாவது, உறுதி ஆரின்ர பேரில்? எங்கட பக்கம் பாதி வீடு செத்துப்போன தாத்தாவின் பேரிலோ, சகோதரியின் சீதன உறுதியிலோ இருக்கும். அந்தச் சொத்தில் உங்களுக்குச் சட்டப்படி ஓர் உரித்து இல்லாவிட்டால் ஈடு கேட்க முடியாது. நொத்தாரிசிடம் போகும் வேலை முதல், காப்புறுதி பிறகு.

மூன்றாவது, குறைத்து மதிப்பிடாதீர்கள். மறுபடி கட்ட 2 கோடி முடியும் வீட்டை 1 கோடிக்கு மட்டும் காப்புறுதி செய்து, 20 இலட்சத்துக்குச் சேதம் வந்தால், சராசரி விதிப்படி கிடைப்பது 10 இலட்சம். மிச்சப் பாதிக்கு நீங்களே காப்புறுதிக்காரர் எண்டு பத்திரம் எடுத்துக்கொள்ளும்.

நான்காவது, புயலும் வெள்ளமும் சேர்த்திருக்கா எண்டு பாருங்கள். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2008இல் வந்த நிஷாவும் எங்கட பக்கத்தையும் அடித்தவை. ஆனால் உப்புக்காற்றில் கம்பி கறள் பிடித்துக் கொங்கிறீற் வெடிப்பதற்கு எந்தப் பத்திரமும் காசு தராது. அது மெல்ல மெல்ல நடக்கும் தேய்மானம். அதைத் தடுக்க ஒரே வழி, ஆராவது பார்த்துக்கொண்டிருப்பது.

கடைசியாக ஒன்று எழுதினேன். எழுதுவதா விடுவதா எண்டு இரண்டு நாள் யோசித்தேன். "மாமா, கம்பனி கேட்கிறதும் ஒரு ஆளைத்தான். அந்த ஆள் இவ்வளவு நாளும் அம்மா. அவவுக்கு நீங்கள் ஓகஸ்டில கொண்டு வாற சொக்லேற்றும் சாறியும் சம்பளம் இல்லை."

நுவரெலியாப் பங்களாவின் காவற்காரருக்குக் குறைவாகவாவது மாதச் சம்பளம் இருந்தது. ஒற்றி பிடித்தவருக்கு விளைச்சல் இருந்தது. எங்கட ஊரில் இண்டைக்குச் சாவி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதில் 1990இலும் 2006இலும் மனிசனையோ மகனையோ இழந்தவர்களும் இருக்கினம். போக வழியில்லாமல், அல்லது போக மனமில்லாமல் நின்றவர்கள். மற்றவர்களின் வீடு நிற்பது இவர்கள் நின்றதால். உறவுக்காகச் செய்யிறது எண்டு அவர்களே சொல்லுவினம். எங்கட அம்மாவும் அப்படித்தான் சொல்லி, நான் இதை மாமாவுக்கு எழுதினதுக்கு என்னை ஏசினா. உறவு உண்மைதான். ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தில் அந்த உழைப்புக்கு ஒரு பெறுமதி இருக்கிறது எண்டதைக் கம்பனி கண்டிருக்கிறது. நாங்கள் ஏன் காணவில்லை?

மாமா இரண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு, "மாசம் எவ்வளவு எண்டு கொம்மாவிட்ட கேட்டுச் சொல்லு" எண்டு ஒரு வரி வந்தது. அம்மா இன்னும் ஒரு தொகை சொல்லவில்லை.

போன கிழமை அவ கொழும்புக்கு ரயில் ஏறினா. மூன்று சாவியும் இப்ப என்னட்ட. கம்பஸ் முடிந்து பண்ணையால் வரும்போது இருட்டிவிடுகிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை எண்டால் மூன்று வீட்டிலும் விளக்கு எரியும்.